கர்த்தருக்கு எழுதிய கொல்லை

ஆசீர்வாதம் மூப்பர் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். ஆப்பிரிக்க தேசத்து மக்களுக்காக மன்றாடத் தொடங்கி, சீனாவைச் சுற்றி, இந்தியாவுக்கு வந்து, ஆம்பூரை எட்டுவதற்குள் குழம்பின் மேல் ஆடை கட்டிவிடும். விருந்துக்கு வந்தவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து இலையைப் பார்த்துக்கொள்வான். அந்தப் பக்தி பொய் என்று நான் சொல்லமாட்டேன். மனுஷன் நிஜமாகவே உருகினார், கண்ணில் தண்ணீர் வரும். என் வயிற்றெரிச்சலே அதுதான். வேஷம் என்று தெரிந்து போடுகிறவன் என்றைக்காவது கலைத்துவிடுவான். தெரியாமல் போட்டுக்கொண்டவனை யார் போய் எழுப்புவது?

ஆம்பூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் ஒரு சேரி, அதில் ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில். அந்தச் சபைக்கு அவர் மூப்பர். பாதிரியார் வேலூரிலிருந்து எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஆசீர்வாதம் வைத்ததுதான் சட்டம். தொழில் தோல் வியாபாரம். ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களில் மாடு செத்தால் அவருக்குத் தகவல் வரும். ஆட்களை அனுப்பி உரித்து, தன் கொட்டகையில் உப்புப் போட்டு அடுக்கி, ஆம்பூரில் வாஹித் பாஷாவின் தோல்ஷாப்புக்கு வண்டியேற்றுவார். அங்கே சுண்ணாம்புக் குழியிலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் ஊறிப் பதமாகி அது கப்பல் ஏறும். சீமையிலே சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்க எவ்வளவு தோல் போனாலும் போதவில்லை. மூப்பர் வீட்டுக் கூரை ஓடாயிற்று, சுவரில் கடிகாரம் வந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு கறுப்புக் கோட்டு வந்தது. பத்தில் ஒரு பங்கு தவறாமல் கோயிலுக்கும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு ஒரே தங்கை, தனகோடி. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த சம்பத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பாறை சரிந்து அவன் உள்ளேயே போய்விட்டான். உடம்புகூட வெளியே வரவில்லை. கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். குழந்தை பேர் ராகேல். நான் சொல்லும் காலத்தில் அவளுக்கு ஐந்து வயதிருக்கும். ஒல்லிப் பெண், வாய் மட்டும் ஓயாது. ஆட்டுக்குட்டியிடம் பேசுவாள், அடுப்பிடம் பேசுவாள். களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "உன்னை இப்ப துன்னட்டா, அப்பறமா துன்னட்டா?" என்று அதையே கேட்பாள்.

அண்ணன் தங்கையின் தாய் ரங்கம்மாள் மேட்டுப் பக்கம் ஒரு கொல்லை வைத்திருந்தாள். கொல்லை என்றால் எங்கள் பக்கத்தில் மழையை நம்பிய நிலம். சர்க்கார் கொடுத்தபோது அது வெறும் கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. அவள் அதைக் கையால் பொறுக்கித் திருத்தி, வேர்க்கடலையும் கேழ்வரகும் எடுத்தாள். சாகும்போது இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆளுக்குப் பாதி எடுத்துக்கோங்க. அவளும் என் வயித்துல பொறந்தவதான்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். பட்டா மகன் பேருக்கு மாறியது. பாதி என்பது வெறும் சொல்லாகவே நின்றது.

தனகோடி சண்டைக்காரி இல்லை. விதைப்புக் காலம் வரும்போதெல்லாம் மெதுவாகத்தான் கேட்பாள்.

"அண்ணா, எம் பாதியைக் காட்டிட்டின்னா நானே கொத்திக்குவேன். கொழந்தை கூழுக்கு ஆவும்."

"பாக்கலாம் தனம். இப்ப இன்னா அவசரம்?"

அந்த "பாக்கலாம்" விதைப்போடு வரும், அறுப்போடு போகும்.

ஒரு வருஷம் தை மாதத்தில் அறுப்பின் பண்டிகை நடந்தது. விளைந்ததில் முதல் பங்கைக் கடவுளுக்குக் கொண்டுவரும் நாள் அது. பீடத்துக்கு முன்னால் பூசணிக்காயும் முருங்கைக்காய்க் கட்டும் குவிந்திருக்கும், காலைக் கட்டிய கோழிகள் பிரசங்கத்துக்கு நடுவே கொக்கரிக்கும். பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துச் சேர்த்த அரிசியைப் பானையோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். அன்றைக்கு ஏலம் தொடங்குவதற்கு முன் மூப்பர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் தாயாருடைய கொல்லை முழுவதையும் கர்த்தருக்கு எழுதி வைக்கிறேன்" என்றார்.

பண்டிகைக்கு வந்திருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபையே எழுந்து நின்று ஒரு ஞானப்பாட்டு பாடியது. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த தனகோடியும் எல்லோரும் எழுந்ததால் எழுந்தாள். அவள் காதில் "முழுவதையும்" என்ற ஒரு சொல்தான் விழுந்திருந்தது. மடியிலிருந்து இறக்கிவிட்ட ராகேல் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, ராகம் தெரியாமல் சத்தமாகப் பாடினாள்.

கர்த்தருக்குக் கொடுத்த பிறகு தங்கை கேட்க முடியாது. கர்த்தரும் வந்து ஏர் பிடிக்கப்போவதில்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், மூப்பரைவிட்டால் சபையில் யார் இருக்கிறார்கள்? விளைவதில் ஒரு பங்கு கோயிலுக்கு, மீதி பராமரிப்புச் செலவுக்கு. இதையெல்லாம் அவர் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தார் என்றுகூட நான் சொல்லமாட்டேன். மனசுக்குள் ஒரு மூலை இருக்கிறது. விளக்கெடுத்துப் போய்ப் பார்க்க நமக்கே இஷ்டமிருக்காது. அந்த மூலையில் முடிவான விஷயம் இது. வெளியே வரும்போது பக்தியாக வந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் தனகோடி அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உம் பாதியை நீ குடுத்துக்கோண்ணா. எம் பாதியை ஏன் குடுத்தே?"

"கர்த்தருக்குக் குடுத்தேன் தனம், கள்ளுக்கடைக்கா குடுத்தேன்? அவரு கையில இருந்து புடுங்கித் தரச் சொல்றியா?"

"நான் அப்பிடிச் சொல்வேனா? கொழந்தைக்கு இன்னா பண்றதுன்னுதான் கேட்டேன்."

"அவரைக் கொடுக்கச் சொல்லி ஜெபம் பண்ணு. நம்ம கொட்டாயிலயே வேலை செய். கேவுரு தர்றேன்."

தனகோடி தலையாட்டிவிட்டுப் போனாள். வேறு என்ன செய்வாள்? மறுநாளிலிருந்து கொட்டகையில் பச்சைத் தோலை விரித்து உப்புத் தேய்க்கப் போனாள். உப்பு கைப்புண்ணில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். கூலியாகக் கேழ்வரகு வரும். ராகேல் கொட்டகை வாசலில் உட்கார்ந்து காக்கை விரட்டுவாள். ஒருநாள் அவள் கேட்டாள்: "சாமிக்கு எதுக்கும்மா கொல்லை? சாமிக்குப் பசிக்குமா?" தனகோடி அடுத்த தோலை இழுத்து விரித்தாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. மேய்ச்சல் கருகி மாடுகள் நின்ற இடத்தில் விழுந்தன. மூப்பரின் கொட்டகையில் தோல் கூரை வரைக்கும் ஏறியது. ஜனங்கள் அழுதுகொண்டிருந்த நாட்களில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. சபைக்கு ஒரு வெண்கல மணி வாங்கித் தந்தார். நல்ல மணி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பெரியவர்கள் ஞானஸ்நானம் வாங்கியபோது சபை போட்ட முதல் சட்டம், செத்த மாட்டின் கறியைத் தொடக்கூடாது என்பது. அதில் ஒரு மானம் இருந்தது. ஊர் செத்ததை எறிந்துவிட்டு, அதைத் தின்றார்கள் என்று சொல்லியே தலைமுறை தலைமுறையாகக் காறித் துப்பியது. இனி அது வேண்டாம் என்று எங்கள் ஜனம் நிமிர்ந்தது சாதாரணமில்லை. நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அதே மாட்டின் தோல் மூப்பர் கொட்டகைக்குப் போனால் வியாபாரம். அதில் பத்தில் ஒரு பங்கு பீடத்துக்கு வந்தால் காணிக்கை. மேலே இருந்தது பரிசுத்தமாகிவிட்டது, உள்ளே இருந்தது பாவமாகவே கிடந்தது. இந்தக் கணக்கு எப்படி என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

தானிய விலை ஏறியதும் மூப்பர் கேழ்வரகைப் பாதியாகக் குறைத்தார். எல்லோரும்தான் குறைத்தார்கள். ராகேலின் கால் குச்சியாயிற்று, வயிறு உப்பிற்று. பேச்சும் குறைந்தது. அதுதான் தனகோடியை உள்ளுக்குள் கொன்றது. அடுப்பிடம் பேசுகிற பெண் அடுப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், அண்ணனின் ஆட்கள் வாய்க்காலோரம் உரித்துவிட்டுப் போன ஒரு காளையின் பக்கத்தில் தனகோடி அரிவாளோடு போய் நின்றாள். அங்கே ஏற்கனவே நான்கைந்து பேர் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சேரியில் எல்லாக் கூரையிலிருந்தும் ஒரே வாசனைதான் எழுந்தது.

ராகேல் வயிறு நிறையச் சாப்பிட்டாள். தூங்குவதற்கு முன் பாயிடம் ஏதோ கதை சொன்னாள். தனகோடி அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

புரட்டாசியில் பாதிரியார் திருவிருந்து கொடுக்க வந்தார். அதற்குள் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் நல்ல மனுஷர், வேதத் தமிழ் பேசுவார், கோபப்படத் தெரியாது. நல்லவர் கையில் இருக்கும்போதுதான் சட்டம் அதிகமாகக் கனக்கிறது. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் தொடுவதற்கு முன், குடும்பம் குடும்பமாக எழுந்து நின்று உண்மை சொல்லும்படி கேட்டார்.

வேலாயுதம் எழுந்தான். வாய்க்காலோரம் முதல் துண்டு வெட்டியவனே அவன்தான். "சத்தியமா இல்லீங்க ஐயா" என்றான். அவன் மனைவி பக்கத்தில் நின்று அதைவிடப் பலமாகத் தலையாட்டினாள். அடுத்த வீடும் இல்லை, அதற்கடுத்த வீடும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் எங்கள் சபை முழுக்கக் காற்றைக் குடித்தே உயிர் பிழைத்திருக்கிறது என்று பாதிரியார் நம்ப வேண்டியிருந்தது.

தனகோடியின் முறை வந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இல்லை என்று சொல்லிவிடு என்ற அசைப்பு. அவள் அதைப் பார்த்தாள். ராகேல் அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துன்னோம் ஐயா" என்றாள். "எம் பொண்ணுக்குப் பசி."

பாதிரியார் அவளருகே இறங்கி வந்தார்.

"மகளே, இனிமேல் அப்படிச் செய்வதில்லை என்று தேவனுடைய சமுகத்தில் சொல்வாயா? சொன்னால் போதும்."

"மறுபடியும் பசிச்சா இன்னா பண்ணுவேன்னு தெரியலியே ஐயா. தெரியாமே எப்பிடிச் சொல்றது?"

பொய் சொன்னவர்களெல்லாம் வரிசையாக முழங்கால் போட்டு அப்பம் வாங்கினார்கள். உண்மை சொன்னவள் விலக்கப்பட்டுக் கதவோரம் நின்றாள். எத்தனையோ வருஷமாகிவிட்டது, இன்னும் என்னால் அந்த வரிசையை மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் கொட்டகைக்கு வந்தபோது மூப்பர் வாசலிலேயே நிறுத்தினார்.

"விலக்கி வச்சவளை நானே வேலைக்கு வச்சா சபை இன்னா சொல்லும்? பண்டிகைக்குப் பாதிரியாரு மறுபடி சேத்துக்குவாரு, அது வரைக்கும் பொறுத்துக்கோ தனம்."

"பண்டிகை தையிலண்ணா. அது வரைக்கும் கொழந்தை?"

"ஒரு வார்த்தை இல்லேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சே! எல்லாரும் சொல்லலியா?"

தனகோடி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "கோயில்ல நின்னு எப்பிடிண்ணா?" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஆவாரம்பட்டை உரிக்கப் போனாள். ஆலங்காயத்து மலையடிவாரம் வரை நடந்து, செடியை வெட்டி, பட்டையை உரித்துக் காயவைத்து, தலைச்சுமையாகத் தோல்ஷாப்புக்குக் கொண்டுவர வேண்டும். போனால் இரண்டு மூன்று நாள் திரும்ப முடியாது. ராகேலைப் பக்கத்துக் குடிசைச் செல்லம்மாளிடம் விட்டுவிட்டுப் போவாள். செல்லம்மாளுக்கே நான்கு பிள்ளைகள். அவள் தன் பிள்ளைகளுக்கு ஊற்றியதில் ஒரு கரண்டியை இதற்கும் ஊற்றினாள். அந்தச் சேரியில் கடவுளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது என்றால் அந்த ஒரு கரண்டிதான் சேர்ந்தது என்பது என் எண்ணம்.

ஒருநாள் மூப்பர் தோல் இறக்கப் போயிருந்தபோது வாஹித் பாஷா கேட்டார். பாஷா கறாரான வியாபாரி, ஒரு தோலில் ஓட்டை இருந்தால் விலையை அடிமட்டத்துக்கு அடிப்பார்.

"இன்னா மூப்பரே, உங்க தங்கச்சி நம்ம ஷாப்புக்குப் பட்டை தூக்கினு வர்றாங்க? ஆளு ரொம்ப பேஜாரா கீறாங்களே. உங்கம்மா நிலம் இன்னா ஆச்சு?"

"அதைக் கர்த்தருக்கு எழுதி வச்சுட்டேன் பாய்."

"சரி, நல்ல காரியம். அவங்க பங்கு போக மீதியையா?"

மூப்பர் இறக்கிய தோலை எண்ண ஆரம்பித்தார்.

"எங்க மார்க்கத்துல பொம்பளைக்கும் பங்கு உண்டு, கம்மியோ ஜாஸ்தியோ. அடுத்தவங்க பங்கை எடுத்து அல்லாவுக்குக் குடுத்தா, அவன் வாங்க மாட்டான் மூப்பரே. அவனுக்கு இன்னா குறைச்சல்?"

மூப்பர் சிரித்து மழுப்பிவிட்டு வண்டியேறினார். ஆனால் அந்த வார்த்தை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வந்தது, படுத்தால் வந்தது. கடைசியில் அவர் ரயிலேறி வேலூருக்குப் போனார். பாதிரியார் பங்களாவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொல்லையில் பாதியைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்.

பாதிரியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் வெளுத்தது.

"அது உம்முடைய சகோதரிக்கும் உரியது என்று அன்றைக்கு ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"சொல்லணும்னு தோணலீங்க ஐயா."

"தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி மறைத்தவர்களை ஆண்டவர் எப்படிக் கடிந்துகொண்டார்! அந்தப் பகுதியை நீர் வாசித்ததில்லையா?"

வாசித்திருக்கிறார். கோயிலில் நின்று, ஏற்ற இறக்கத்தோடு, எத்தனையோ தரம் வாசித்துக் காட்டியிருக்கிறார். அது யூதேயா நாட்டில் யாரோ தாடிக்காரர்களைப் பற்றியது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"பத்திரம் சீமையிலுள்ள மிஷன் சங்கத்தின் பேரில் பதிவாகிவிட்டது" என்றார் பாதிரியார். "திருப்பித் தர எனக்கு அதிகாரமில்லை. சீமைக்கு எழுத வேண்டும். சண்டைக் காலத்தில் கப்பல் தபால் போய்ப் பதில் வர எவ்வளவு காலமாகுமோ தெரியாது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நிலம் இருக்கட்டும் ஐயா. உம்முடைய வீட்டில் தானியம் இல்லையா?"

இந்தக் கேள்விக்குச் சீமையிலிருந்து பதில் வர வேண்டியதில்லை. மூப்பர் எழுந்தார். பாதிரியார் வாசல் வரை வந்து, "நானும் விசாரிக்காமல் அவளை விலக்கினேன். அடுத்த வாரம் வருகிறேன், நானே வந்து அவளிடம் பேசுகிறேன்" என்றார்.

ஆம்பூரில் இறங்கியபோது ஸ்டேஷனே வெறிச்சோடிக் கிடந்தது. பட்டாளத்துக்காரர்களோடு ரயிலில் ஏறி வந்த விஷக்காய்ச்சல் சில வாரங்களாகவே எங்கும் பரவிக்கொண்டிருந்தது. தோல்ஷாப்புகளில் பாதி ஆட்கள் வரவில்லை. சுண்ணாம்புக் குழியில் கிடந்த தோல் தூக்க ஆளில்லாமல் அழுகியது. மூப்பர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், மாட்டைக் கறந்து, சொம்பில் பாலோடு தங்கையின் குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். தனகோடி மலையிலிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருந்தாள். பட்டைக் கட்டு வாசலில் அவிழ்க்காமல் கிடந்தது. ராகேல் அவள் மடியில் இருந்தாள், மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"தனம், பால் கொண்டாந்திருக்கேன். கேவுரு மூட்டையும் வருது. ஆள் தூக்கினு வர்றான்."

தனகோடி சொம்பை வாங்கி, விரலால் தொட்டு, குழந்தையின் வாயில் விட்டாள். பால் கடைவாய் வழியாக வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். மறுபடியும் வழிந்தது. அவள் அவசரப்படாமல் ஒவ்வொரு தரமும் துடைத்தாள். ஏதோ ஒரு தரம் துடைத்த பிறகு விடுவதை நிறுத்தினாள். அப்போதுதான் மூப்பருக்குப் புரிந்தது.

அவர் கூரைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். தனகோடி அழவில்லை. குழந்தையின் முடியைக் கோதி, சிக்கு எடுத்து, இறுக்கிப் பின்னினாள். செல்லம்மாள் வந்து ஒரு பழைய வெள்ளைத் துணி கொடுத்தாள். காய்ச்சலுக்குப் பயந்து வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூப்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா கொல்லையில வைப்போம் தனம். பாதி உன்னுதுதான், அம்மா சொல்லிட்டுத்தானே போச்சு. பாதிரியாரு கிட்ட நான் பேசிக்கறேன். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

தனகோடி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். "கஞ்சிக்குக் கேட்டப்ப அது சாமியுதுன்னியே. குழிக்கு மட்டும் என்னுதா?" என்றாள். "வேணாம்ணா. சாமியுது சாமிக்கே இருக்கட்டும். இவளை நான் ஆத்துல வச்சுக்கறேன்."

அவள் குழந்தையைத் தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். பாலாறு வறண்டு, கரைக்குக் கரை மணலாகக் கிடந்தது. மூப்பர் வீட்டுச் சுவரோரம் ஒரு மம்முட்டி சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்து நின்றாள்.

"அண்ணா, அந்த மம்முட்டியையும் சாமிக்கு எழுதிட்டியா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப அதைக் குடு."

கொடுத்தார். பின்னாலேயே வரப் போனவரை அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். செல்லம்மாள் மட்டும் கூடப் போனாள். தங்கை கேட்டு மூப்பர் கொடுத்தது என்று பார்த்தால் அந்த மம்முட்டி ஒன்றுதான். அதையும் பொழுது இறங்குவதற்குள் அவள் மணல் போகக் கழுவி, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.